ஆரஞ்சு ரிப்பன்

அணையைச் சுற்றி நடக்கும் மலைப்பாதை ஓட்டத்தில் பரிமளாதான் கடைசி. வழிகாட்டக் கட்டியிருந்த ஆரஞ்சு ரிப்பன்களை மரம் மரமாக அவிழ்த்தபடி பின்னால் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் முந்திவிட்டால் அவள் போட்டியில் இல்லை என்பது விதி. போன வருடம் பாதி வழியிலேயே முந்திவிட்டார்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ரிப்பனே இல்லை. நின்றுவிட்டாள். காலடிச் சத்தம் நெருங்கியது.

"ஏனுங்க, நின்னுட்டீங்க?"

"வழி தெரியலைங்கண்ணா."

"ரிப்பனை மாடு மேஞ்சிருக்குமுங்க."

கையிலிருந்த கொத்தில் ஒன்றை உருவி, அவளைத் தாண்டாமல் எட்டி, வலப்பக்கக் கிளையில் கட்டினார். பிறகு அணைத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மூச்சு வந்தது. ஓடினாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது, இப்போது கட்டிய முடிச்சை அவர் அவசரமே இல்லாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.