கம்பிக்கு ஓய்வு

"கம்பி முடிவாகாம நான் வாசிக்க மாட்டேன்" என்று லிஃப்ட் மெக்கானிக் சொன்னதும் பல் டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

ஆண்டு விழா மேடைக்கு இன்னும் பதினைந்து நாள்தான். டயர் கடைக்கு மேலே இருக்கும் அறையில் தினமும் சாயங்காலம் ஒத்திகை. நாலே பேர் கொண்ட குழு. கீபோர்டும் அதிகாரமும் பல் டாக்டர் கையில். டிரம்ஸ் பேக்கரிக்காரர். பேஸ் கிட்டார் மெக்கானிக். பாடுவது பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்.

மெக்கானிக் மூன்று உறைகளை எடுத்துக் காட்டினார்.

"மூணுமே ஃப்ளாட்வவுண்ட். சாதாரணக் கம்பியில சுருள் சுருளா மேடு இருக்கும், விரல் ஓடினா கீச்சுங்கும். இது பட்டையா சுத்தினது, வழவழன்னு இருக்கும். இந்த மூணுல நமக்கு எது ஒத்துவரும்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

"பேஸ் கிட்டாரை எவன்யா கேக்கப் போறான்?" என்றார் டாக்டர்.

 மாஸ்டருக்கு உள்ளூரப் பெரிய நிம்மதி. பத்து நாள் பாடக் கூடாது, கத்தக் கூடாது என்று அன்று காலையில்தான் தொண்டை டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே சொன்னால் மைக் கை மாறிவிடும். பல் டாக்டரின் மச்சினன் பாட்டு நோட்டோடு காத்திருக்கிறான். பன்னிரண்டு வருஷமாகப் பிடித்த மைக். அது போனால் மாஸ்டருக்கு மிச்சம் கழுத்தில் தொங்கும் விசில்தான்.

சோதனை ஆரம்பமானது. மெக்கானிக் கிட்டாரோடு மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கம்பி மாற்றிக்கொண்டு அரை மணி கழித்து வருவார். அதற்குள் மற்ற மூவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"கண்ணு பார்த்தா காது ஏமாந்துடும்" என்றார்.

அதோடு விட்டாரா? புதுக் கம்பி அடங்கி உட்காரும்வரை பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாதாம். எல்லோரும் கிசுகிசுத்தார்கள். டிரம்ஸை மொத்துகிற பேக்கரிக்காரர் தும்மலைக்கூடத் துண்டுக்குள் தும்மினார்.

மறுநாள் மெக்கானிக் ஒரு கெட்டிலோடு வந்தார்.

"இது எதுக்கு?"

"கம்பிக்கு ஆவி காட்டணும்."

பிளக் பாயிண்ட் மாஸ்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பிக்குப் போக வேண்டிய ஆவியில் முக்கால்வாசி மாஸ்டரின் மூக்குக்குப் போனது. தலையெழுத்தே என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் கட்சி பிரிந்தது.

"ரெண்டாவது செட்டுதான். கடைவாய்ப் பல் மாதிரி கெட்டியா நிக்குது. கீச்சு சத்தம் சுத்தமாப் போச்சு" என்றார் டாக்டர்.

"மூணாவதுல ஒரு மெத்து இருக்கே, கவனிச்சீங்களா? மாவு பொங்கி வந்த பக்குவம்" என்றார் பேக்கரிக்காரர்.

"உமக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா?"

"உங்களுக்குப் பல்லைத் தவிர வேற என்ன தெரியும்?"

இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். மாஸ்டர் மட்டும் காற்றுக் குரலில், "மறுபடி முதல்ல இருந்து கேட்டுப் பார்ப்போமே" என்றார்.

எட்டாம் நாள் டாக்டரின் பொறுமை போய்விட்டது. மெக்கானிக் படிக்கட்டில் இருந்த நேரம்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இவனுக்குக் கம்பி கோணல். விழா முடிஞ்ச கையோட ஆளையே மாத்திடுவோம். சம்மதம்னா கை தூக்குங்க."

டாக்டர் தூக்கினார். அவரோடு பேச்சை நிறுத்தியிருந்த பேக்கரிக்காரரும் தூக்கினார். மாஸ்டர் தயங்கினார். இத்தனை நாள் அவர் மானத்தைக் காப்பாற்றியதே இந்தக் கம்பிப் பைத்தியம்தான். ஆனால் தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் வாய்விட்டுப் பேச வேண்டும். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

தூக்கிவிட்டார். 

பதினோராம் நாள் குரல் பளிச்சென்று வந்துவிட்டது. ஏதோ ஒரு செட்டை மாட்டச் சொல்லிப் பாட்டை ஆரம்பிக்கலாம் என்று மாஸ்டர் சீக்கிரமே வந்தார். மாடிப்படியில் கிட்டார் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே அந்த மூன்று உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒட்டினது ஒட்டினபடி இருந்தன.

கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மெக்கானிக் மேலே ஏறி வந்தார்.

"நீங்க கம்பியை மாத்தவே இல்லையா?"

"இல்லையே. பழைய கம்பிதான்."

"அப்ப ரெண்டாவது செட்டு?"

"பழசு."

"அந்த மூணாவது... மாவு பொங்கினது?"

"அதுவும் பழசுதான் மாஸ்டர்."

"அப்புறம் எதுக்கு இத்தனை கூத்து?"

மெக்கானிக் கெட்டிலைப் படியில் வைத்தார்.

"போன மாசம் நாலு பாட்டை ஸ்ருதி இறக்கச் சொன்னீங்க. டாக்டர் கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கிட்டு மறந்துட்டார். நான் அப்படியா? விரலை எல்லாம் இடம் மாத்தி வைக்கணும். லிஃப்ட் ஒரு மாடி இறங்கினா எனக்குத் தெரியாதா? நான் கம்பியைப் பிடிச்சுக்கிறதுக்கு முந்தின வாரம் பாதிப் பாட்டுக்குக் காத்துதான் வந்துச்சு. இப்ப தொண்டை தேவலையா?"

மாஸ்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மெக்கானிக், அன்னைக்கு நீங்க வெளிய இருக்கும்போது நான்..."

"கை தூக்கினதுதானே? கதவு இடுக்குல பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் மெக்கானிக். "நீங்க தூக்காம இருந்து மாட்டிக்குவீங்களோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு."