வலிக்கிற இடம்

சுலோச்சனாவின் விரல் மூட்டுகளை முடக்குவாத டாக்டர் ஒவ்வொன்றாக அமுக்கி, "இங்க வலிக்குதா?" என்று கேட்பார். உயிர் போகும். ஆனாலும் கணவர் இறந்தபின் அவள் கையைத் தொட்ட ஆள் அவர் ஒருவர்தான். இன்றும் வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் கைகளை மேசைமேல் விரித்து வைத்தாள். அவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கும்மா. இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."

கைகள் மேசையிலேயே கிடந்தன.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"இந்தச் சுண்டுவிரல் மட்டும்..." என்று இழுத்தாள்.

அவர் பேனாவை வைத்துவிட்டு விரலைப் பிடித்து மெல்ல அமுக்கினார். "இங்கயா?"

வலி துளியும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் மேல, டாக்டர்," என்றாள்.