இடது பின்மூலை

மறுபடியும் இடது பின்மூலை இறங்கியிருந்தது.

ரசமட்டத்தைப் படகின் பின்குழாயின் மேல் வைத்தேன். குமிழி வலப்பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. ஒரு விரல் தடிமனுக்குச் சாய்வு. நேற்றுச் சாயங்காலம் நான் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது அது பொட்டு வைத்த மாதிரி நடுவில் நின்றது.

பழைய, சின்ன கேட்டமரான். ஒல்லியான இரண்டு ஓடங்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் அலுமினியக் குழாய்ச் சட்டம், சட்டத்தில் இழுத்துக் கட்டிய விரிப்பு. உட்காருவது எல்லாம் அந்த விரிப்பின் மேல்தான். சட்டம் தளர்ந்துவிட்டால் ஓடங்கள் இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு அலையில் போகும்.

முன்பக்க மூட்டுகள் கல் மாதிரி இருந்தன. அவற்றை நான் தொடவே இல்லை. பின்பக்கம்தான் லொடலொடத்தது. ரிவிட்டைத் துளைத்து எடுத்து, குழாயை உருவி, ஃபைபர் துணி சுற்றி, எபாக்ஸி பசை தடவி, மறுபடி மூலைக்குள் தட்டி இறக்கினேன். முட்டுக் கொடுத்து மட்டம் பார்த்தேன். விடியும்வரை யாரும் தொடாமல் விட்டால் இறுகிவிடும்.

காலையில் வந்தால் மூலை இறங்கிக் கிடந்தது. சூடு காட்டிப் பிரித்தேன், மறுபடி ஒட்டினேன். மறுபடியும் இறங்கியது. இதோ, இன்றைக்கும்.

அந்த மூலையில்தான் மச்சான், என் தங்கையின் புருஷன், உட்காருவார். ஒரு கையில் சுக்கான், வாயில் பாட்டு என்று அவர் நம்பிய ஏதோ ஒன்று. போன வருஷம் ஒருநாள் படகு மட்டும் கரைக்கு வந்தது.

பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். ஆனாலும் இந்த ஷெட்டில் தனியாகக் குனிந்து நிற்கும்போது முதுகுப் பக்கம் யாரோ வேலையை மேற்பார்வை பார்க்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் இல்லாவிட்டாலும் பயம், இருந்துவிட்டாலும் பயம்.

முட்டுகளைச் சரிபார்க்கக் குனிந்தபோதுதான் படகுக்கு அடியில் ஒரு போர்வை கிடந்ததைப் பார்த்தேன். என் தங்கையின் போர்வை.

அப்பாடா என்றிருந்தது. திருடன் அகப்பட்டான்.

ஷெட் அவள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இன்னொரு சாவி அவளிடம் உண்டு. காரணமும் உண்டு. அவள் மகள் இன்றைக்கு இந்தப் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? அப்பா ஓட்டிய படகை நான்தான் ஓட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். அழுது பார்த்து, பேசாமல் இருந்து பார்த்து, கடைசியில் தங்கை சொல்லிவிட்டாள்: சட்டம் ஆடாமல் நின்றால் போ.

நிற்காது என்கிற நம்பிக்கையில் சொன்னது அது. நின்றுவிடும் போலிருக்கிறதே என்று பயந்திருப்பாள். நான் போன பிறகு வந்து, ஒட்டுக் காய்வதற்குள் மூலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பாவம்தான். ஆனால் கோபமும் வந்தது.

டீ டம்ளரோடு அவளே வாசலுக்கு வந்தாள்.

"நீதானா அது? அவ போக வேண்டாம்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே. எதுக்கு என் வேலையக் கெடுக்கற?"

போர்வையைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"கெடுக்க வரலண்ணா. அவர்கிட்ட சொல்லத்தான் வந்தேன். பொண்ணு தனியாப் போறா, கூட இருந்து பாத்துக்கங்கன்னு."

மனசு இளகியதைக் காட்டிக்கொள்ளாமல் சத்தம் போட்டேன்.

"சொல்லிட்டுப் போயேன். அதுக்கு அவர் மூலையில போய் உட்காரணுமா?"

"அங்க நான் எதுக்கு உட்காரப் போறேன்?" உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். "என் இடம் முன்னாடிதானேண்ணா. முன்னாடிதான் உட்கார்ந்திருந்தேன்."

ரசமட்டத்தை எடுத்து முன்குழாயில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. பின்குழாயில் வைத்தேன். வலப்பக்கம் ஓடியது.

தங்கையின் பார்வை என் மேல் இல்லை, எனக்குப் பக்கத்தில் இருந்த மூலையின் மேல் இருந்தது.

வெளியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "மாமா, ஆடாம நிக்குதா? கிளம்பலாமா?"

பின்குழாயை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் போட்டு ஆட்டினேன். சின்னக் கிறீச்சுகூட இல்லை.

"நிக்குதும்மா. கிளம்பு" என்றேன். அந்தக் குரல் என்னுடையது மாதிரி இல்லை.

கையை எடுத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றேன். ரசமட்டம் குழாயின் மேலேயே இருந்தது. மூலையிலிருந்து யாரோ எழுந்துகொண்ட மாதிரி, வலது ஓரத்தில் ஒட்டிக் கிடந்த குமிழி மெல்ல நகர்ந்து, நடுவுக்கு வந்து நின்றது.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற தங்கை சற்று ஒதுங்கி வழி விட்டாள்.