தேடாதவர்களுக்கு விசா

சுற்றுலா விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால், முந்தைய மூன்று மாதம் போனில் பேசியது, பார்த்த படங்கள் எல்லாவற்றையும் அளந்துபார்ப்பார்கள். ஏக்கம் கூடுதலாக இருந்தால், போனவர் திரும்ப மாட்டார் என்று நிராகரித்துவிடுவார்கள்.

அதனால் செண்பகம், வெளிநாட்டில் பிள்ளை பெற்றிருந்த மகள் கோமதியை மூன்று மாதமாக அழைக்கவில்லை. பேரன் படத்தைக்கூடத் திறக்கவில்லை. பிரசவ லேகியம் மட்டும் கிண்டி டப்பாவில் அடைத்துவைத்தாள்.

விசா வந்தது. 'ஏக்கம்: இல்லை' என்றிருந்தது. விசாவின் நகல் தனக்கும் வந்ததும் கோமதி அழைத்தாள்.

"ரூல்ஸ் தெரியும்மா. இருந்தாலும்... ஒரு நாள்கூடவா என்னயத் தேடல?"

விமானம் ஏறும்வரை பேச்சை அளந்துகொண்டேயிருப்பார்கள்.

செண்பகம் லேகிய டப்பாவை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"இல்லட்டி," என்றாள்.