கண்ணைத் தேடும் லென்ஸ்

புதுக் கேமரா லென்ஸின் கூர்மையைச் சோதிக்கச் சிதம்பரநாதன் தன் மனைவி வடிவை நாற்காலியில் உட்கார வைத்தான். இமை மயிர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தால் லென்ஸ் நல்லது. ஆடாமல் இருந்ததில் அவளுக்குக் கழுத்து வலித்தது. பதினொரு படங்களிலும் அவள் முகம் கலங்கியே விழுந்தது.

“சனியன், பின்னாடியே போய்ப் பிடிக்குது,” என்றான்.

அவள் எழுந்துவந்து கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். அவனுடைய செத்துப்போன முதல் மனைவி கௌரி, பின்சுவரில் மாலையோடு படமாகத் தொங்கினாள். அவள் இமை மயிரை எண்ணிவிடலாம்.

“லென்ஸ்ல கோளாறு இல்லீங்க. அது கண்ணைத் தேடுது, அக்கா கண்ணு சிக்குது. அந்தப் படத்தைக் கழட்டிட்டு ஒருவாட்டி எடுங்க.”

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு லென்ஸைக் கழற்றி, மூடி போட்டு, பெட்டிக்குள் வைத்தான்.

“திருப்பிக் கொடுத்துடறேன். நமக்கு இது சரிப்படாது.”

வடிவு போய் அதே நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்தாள்.