பின்வரிசை வண்டி

“இந்த வண்டிய ஒரு டீச்சரம்மா மட்டும்தாங்க ஓட்டினாங்க. வீடு, பள்ளிக்கூடம், ஞாயித்துக்கிழமை சர்ச். அதத் தாண்டி சக்கரம் உருண்டதே இல்ல.”

கடை முதலாளி சாங்யோலின் குரல் கேட்டு, கணினியில் வண்டி விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்த மியோங்சுக் நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பின்வரிசையில் நின்ற வெள்ளிநிறச் சின்ன வண்டியின் கூரையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார் அவர். எதிரே தோள்பையோடு, குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண். இருபத்து நான்கு வயதுக்கு மேல் இருக்காது. தனியாக வந்திருந்தாள்.

மியோங்சுக்குக்குத் திக்கென்றது. போன கோடை மழையில் ஜன்னல் உயரத் தண்ணீரில் நின்ற வண்டி அது. மறுநாள் காலை பிரித்துப்போடும் கிடங்குக்கு அனுப்பத்தான் அதை அங்கே ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள்.

தென்கொரியாவின் சுவோன் நகரத்தில் உள்ள இந்தப் பழைய கார் சந்தையில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சேருமுன் நாலு பேரிடம் விசாரித்தாள். கீறல் இருந்தால் வாங்க வருகிறவருக்கு முன்னால் அதைத் தானே காட்டிவிடுகிற ஆள் சாங்யோல் என்று நாலு பேருமே சொன்னார்கள். அதனால்தான் அவர் கடையைத் தேடி வந்தாள். அவளுடைய முதல் காரை விற்றவன் தேனாகப் பேசி விற்றான். வாங்கிய இரண்டாவது வாரம், நெடுஞ்சாலை நடுவில் புகை கக்கிக்கொண்டு அது நின்றது. கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் நின்றதை அவள் மறக்கவில்லை.

இயந்திரத்தில் இரண்டு காப்பி பிடித்துக்கொண்டு வெளியே போனாள். ஒன்றை அந்தப் பெண்ணிடம் நீட்டும்போது, சாங்யோலுக்குத் தெரியாமல், வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள். அந்தப் பெண் புன்னகைத்துக் குனிந்து வணங்கினாள். காப்பியைத் தரையில் வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறி, இருக்கைப் பட்டையை இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள். கடைசி முழம் வெளியே வந்தபோது அதில் சேற்றுக் கறை பழுப்பாகப் படிந்திருந்தது.

“டீச்சரம்மா சர்ச்சுக்கு ஆத்துக்குள்ள எறங்கியா சார் போனாங்க?”

மியோங்சுக் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சாங்யோல் கொஞ்சமும் அசரவில்லை. அடுத்து நின்ற வெள்ளை வண்டிக்கு அவளைக் கூட்டிப்போய், இதன்மேல் ஓர் ஈகூட மோதியதில்லை என்று ஆரம்பித்தார். வழக்கமாக அந்த வண்டியைக் காட்டும்போது விபத்துப் பதிவைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். இன்றைக்கு அந்தப் பெண் கேட்டதற்கு, நாளைக்கு அனுப்புகிறேன் என்றார்.

அந்தப் பெண் எஞ்சினுக்கு மேலிருந்த முன்மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். மூடியைப் பிடித்திருந்த திருகாணிகளை விரலால் தடவினாள். ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தது; மூடியை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். போனை எடுத்து வண்டி எண்ணைத் தட்டினாள். மோதியது இரண்டு தடவை என்று அவளே தேதியோடு வாசித்துக் காட்டினாள். அதோடு விடவில்லை. எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்கிறதே, குளிர்ந்த வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்துவிடக் கூடாதென்றா முன்கூட்டியே ஓடவிட்டீர்கள் என்று கேட்டாள்.

சாங்யோல் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மூன்று மணிக்கு வேறு ஒருவர் வருவதாகவும், இப்போதே கையெழுத்துப் போடாவிட்டால் வண்டி கைவிட்டுப் போய்விடும் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்கள என் பொண்ணு மாதிரி நெனச்சுச் சொல்றேன். விட்டுடாதீங்க.”

அந்தப் பெண் அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“அப்ப உங்க பொண்ணுக்கு இந்த வண்டிய வாங்கிக் குடுப்பீங்களா சார்?”

சாங்யோல் வெள்ளை வண்டியின் முன்மூடியை இறக்கி மூடினார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருவருக்கும் முறையாகக் குனிந்து வணங்கிவிட்டு, தரையில் வைத்திருந்த காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள்.

எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறாள் என்று மியோங்சுக்குக்கு உள்ளுக்குள் பூரித்தது. அந்த வயதில் தனக்கு இந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் என்று தோன்றியது. அதே வேகத்தில் கோபமும் பொங்கியது.

“அண்ணே, இருபத்திரண்டு வருஷமாச் சேத்த பேரு. ஒரு சின்னப் பொண்ணுகிட்டப் போய் அத எறச்சுட்டீங்களே,” என்றாள். இப்படிப்பட்ட இடத்தில் தன்னால் உட்கார முடியாது, திங்கட்கிழமையிலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள்.

சாங்யோல் ஒரு விரலை உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னார். வியாபாரம் கெட்டவரின் முகமாக அது இல்லை. கண் இரண்டும் நனைந்திருந்தன. போனைக் காதில் வைத்தார்.

“நான்தான். மொக்போ ஊர்ல, வேல கெடச்ச எடத்துலயே அவ தனியாப் பாத்து வண்டி வாங்கிக்கட்டும். கூட வர்றேன்னு இனிமே நான் அடம் புடிக்க மாட்டேன். ‘யாரோ ஒருத்தின்னு நெனச்சு ஏமாத்திப் பாருங்கப்பா’ன்னு சவால் விட்டுட்டுத்தானே வந்தா? இந்தச் சந்தையில இத்தன வருஷம் காதுல விழுந்த பொய்யெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன், ஒண்ணுகூட நம்ம பொண்ணுகிட்ட எடுபடல.”