முதலில் கல்யாணம்

கடலூர் பஸ் சிதம்பரத்துக்குள் நுழைய, பூவரசன் அந்த ஜப்பான் காதல் படக்கதையின் மீதிப் பக்கங்களை அவசரமாகப் புரட்டினான்.

"இந்த மங்காவைப் படிங்க. உங்களுக்கும் புடிச்சிருந்தாத்தான் நம்ம கல்யாணப் பேச்சு" என்று பெண் பார்க்கப் போன அன்றே வினோதினி சொல்லியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தவள், "கதை எப்படிங்க?" என்றாள்.

"எடுத்த எடுப்புல கல்யாணம். நடுவுல சண்டை. ஆனா போகப் போக வெக்கம் ஜாஸ்தியாகி, கடைசில ஒரே குடைக்குள்ள புதுசா பாக்குற மாதிரி பாத்துக்கிறாங்க. மனசு நெறஞ்சிருச்சு. நாமளும் அப்படியே இருக்கலாம்ங்க."

வினோதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவுக்கு போன் செய்தாள்.

"சரின்னு சொல்லிடுங்கப்பா."

மங்காவைப் பின்னட்டையிலிருந்துதான் படிக்க வேண்டும், அவன் படித்தது முடிவிலிருந்து ஆரம்பத்துக்கு என்பதைத் தாலி கட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.